மந்தமான 4ஜி இணைப்பில் நேரலைத் தொலைக்காட்சி: படம் நின்று நின்று ஓடுவதைத் தவிர்க்க வழி உண்டா?

வெல்லாவெளி வாசி:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மட்டக்களப்பின் படுவான்கரையில், வெல்லாவெளிக்கு அப்பால் வயல்களுக்கு நடுவே அமைந்த ஒரு கிராமத்தில் இருக்கிறோம். ஃபைபர் இணைப்பு எங்கள் வீதிக்கு இன்னும் வரவில்லை. கைத்தொலைபேசிக் கோபுரமோ சுமார் நான்கு கிலோமீற்றர் தொலைவில் நிற்கிறது. ஆகவே, சிம் போடும் 4ஜி ரவுட்டர் ஒன்றை நம்பியே வீட்டின் இணையப் பாவனை முழுவதும் நடக்கிறது. காலையில் வேகத்தைச் சோதித்தால் 4 மெகாபிட் வரை காட்டும். இரவு ஏழு மணிக்குப் பின்னர் 1 மெகாபிட்டுக்கும் 2 மெகாபிட்டுக்கும் இடையே தடுமாறும்.

எனக்கு விளங்காதது இதுதான். யூடியூபில் பழைய காணொளி ஒன்றைப் போட்டால், இரவு நேரத்திலும் கூட, தொடக்கத்தில் சிறிது சுற்றிவிட்டுப் பின்னர் ஒழுங்காக ஓடுகிறது. அதே யூடியூபில் செய்தி நேரலையையோ கிரிக்கெட்டையோ போட்டால், நிமிடத்துக்கு ஒருமுறை படம் நின்றுவிடுகிறது. அப்பாவுக்கு இரவுச் செய்தி தவறக் கூடாது. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டால் அம்மா 25 நாளும் திரைக்கு முன்னால்தான் இருப்பார். கடைக்காரர் விலை கூடிய டேட்டா பொதிக்கு மாறும்படி சொல்கிறார். பொதியை மாற்றினால் இது தீருமா, அல்லது அன்டெனா வாங்க வேண்டுமா?

கல்முனைக் கணினி ஆசிரியர்:

தம்பி, முதலில் பொதியை மாற்றும் எண்ணத்தை விடுங்கள். டேட்டாவின் அளவைக் கூட்டும் பொதி வேகத்தைக் கூட்டாது. ஏழு மணிக்கு ஊரெல்லாம் ஒரே கோபுரத்தைப் பகிர்ந்துகொள்ளும்போது உங்கள் பங்குக்கு வருவதுதான் வரும்.

பழைய காணொளி ஓடி நேரலை நிற்பதற்குக் காரணம் உண்டு. பழைய காணொளி முழுவதும் சேவையகத்தில் ஏற்கெனவே கிடக்கிறது. இணைப்பு நன்றாக இருக்கும் பொழுதுகளில் செயலி அடுத்து வரும் பகுதியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு, இணைப்பு தளரும்போது அந்தச் சேமிப்பைக் கொண்டு ஓட்டுகிறது. நேரலையில் அடுத்த நிமிடம் இன்னும் நடக்கவே இல்லை. நடக்காததை எந்தச் செயலியாலும் இறக்கி வைக்க முடியாது. இன்று பெரும்பாலான நேரலைகள், ஆப்பிள் நிறுவனம் 2009 இல் அறிமுகப்படுத்திய எச்.எல்.எஸ் முறையிலோ அதைப் போன்ற வேறொரு முறையிலோதான் வருகின்றன. அதாவது, படம் சில செக்கன் நீளமுள்ள துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டும் சாதாரணக் கோப்பு போல இறக்கப்படுகிறது. செயலி வழக்கமாக நிகழ்காலத்துக்கு மூன்று துண்டுகள் பின்னால் நின்று ஓட்டத் தொடங்கும். துண்டு ஒன்று 6 செக்கன் என்றால், கையிருப்பு வெறும் 18 செக்கன்தான். இரவில் உங்கள் இணைப்பு அரை நிமிடம் படுத்துவிட்டால் படம் நிற்காமல் வேறு என்ன செய்யும்?

ஆகவே, நேரலையை நேரலையாகவே பார்க்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிடுவதே தீர்வு. யூடியூபில் நேரலையைத் திறந்ததும், கீழே உள்ள கோட்டை இரண்டு மூன்று நிமிடங்கள் பின்னுக்கு இழுத்து விடுங்கள். அதன் பின்னர் செயலிக்கு முன்னால் இறக்கி வைக்க உண்மையான துண்டுகள் இருக்கும்; நேரலை, பழைய காணொளி போலவே நடந்துகொள்ளத் தொடங்கும். செய்தி மூன்று நிமிடம் பிந்தினால் அப்பாவுக்கு நட்டம் ஒன்றுமில்லை. கிரிக்கெட்டில் மட்டும், டிஷ் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் போடும் கூச்சலால் விக்கெட் விழுந்தது முன்கூட்டியே தெரிந்துவிடும். அதைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான். ஒளிபரப்புபவர் பின்னோக்கி இழுக்கும் வசதியை மூடி வைத்திருந்தால் இது வேலை செய்யாது. தொலைக்காட்சி நிலையங்களின் சொந்தச் செயலிகள் பலவற்றிலும் இந்த வசதி கிடையாது. ஒரே நிகழ்ச்சி இரண்டிலும் வருமானால் யூடியூபையே தெரிவு செய்யுங்கள்.

இரண்டாவதாக, படத்தின் தரத்தை "தானியங்கி" என்று விடாமல் 360பி என்று கையால் நிலைப்படுத்துங்கள். தானியங்கி நிலையில், இணைப்பு ஒரு கணம் விரைந்தால் போதும், செயலி உயர்ந்த தரத்துக்குத் தாவும், தாவிய பின் இணைப்பு தளரும், படம் நிற்கும். 360பி நேரலைக்கு ஒரு மெகாபிட்டுக்கு உட்பட்ட வேகம் பொதுவாகப் போதும். 720பி என்றால் 1.5 முதல் 4 மெகாபிட் வரை கேட்கும். செக்கனுக்கு 700 கிலோபிட் வீதம் ஓடினால் ஒரு மணித்தியாலத்துக்குச் செலவாவது 315 மெகாபைட் மட்டுமே என்பதால் பொதியும் மிஞ்சும். வேகச் சோதனை காட்டும் எண்ணை அப்படியே நம்பவும் வேண்டாம். அது பல இணைப்புகளை ஒரே நேரத்தில் திறந்து சில செக்கன்கள் மட்டும் அளக்கிறது. நேரலைக்கு வேண்டியது உச்ச வேகம் அல்ல, விடாமல் கிடைக்கும் குறைந்தபட்ச வேகம். வீட்டில் உள்ள கைத்தொலைபேசிகளின் புகைப்படக் காப்பும் செயலிப் புதுப்பிப்பும் அந்த நேரத்தில் ஓடாதபடி நிறுத்தி வையுங்கள்.

ஆரையம்பதி வாசகர்:

செய்தியும் கிரிக்கெட்டும் மட்டும்தான் தேவையென்றால், டிஷ் அன்டெனா ஒன்றைப் பொருத்திவிட்டு இணையத்தை வேறு வேலைக்கு வைத்துக்கொள்வதே என் பார்வையில் புத்திசாலித்தனம். செய்மதி ஒரே அலையை எல்லா வீட்டுக்கும் பொழிகிறது. எத்தனை பேர் பார்த்தாலும் அதற்கு நெரிசல் கிடையாது. இணையத்தில் அப்படியல்ல, பார்க்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பிரதி போகிறது. ஒரு வீட்டில் மூன்று பேர் மூன்று கைத்தொலைபேசிகளில் ஒரே தேரைப் பார்த்தால் மும்மடங்கு சுமை. கார்த்திகை, மார்கழி மாதங்களில் அடைமழை பெய்யும்போது டிஷ்ஷிலும் படம் சிறிது நேரம் மறையும் என்பதை மறைக்க விரும்பவில்லை. யூடியூபில் மட்டும் வரும் கோயில் ஒளிபரப்புகளுக்கும் அது உதவாது.

கோமாரி அன்டெனாக்காரர்:

மேலே ஆசிரியர் ஐயா சொன்னவை இருக்கும் வேகத்தை வைத்துச் சமாளிக்கும் வழிகள். வேகத்தையே சற்று உயர்த்த முடியுமா என்பதையும் பார்க்கலாம்; ஆனால் அளக்காமல் எதையும் வாங்காதீர்கள்.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் ஆர்.எஸ்.ஆர்.பி என்றும் சினர் என்றும் இரண்டு எண்கள் தெரியும். முன்னது சிக்னலின் வலு. -80 என்றால் மிக நன்று, -110 ஐவிடக் கீழே போனால் மோசம். பின்னது சிக்னலின் தூய்மை. 20 க்கு மேல் என்றால் அருமை, பூச்சியத்தை நெருங்கினால் தொல்லை. இரண்டும் நன்றாக இருந்தும் இரவில் மட்டும் வேகம் விழுந்தால் அது நெரிசல். அதற்கு எந்த அன்டெனாவும் முழு மருந்தாகாது. எண்கள் மோசமாக இருந்தால்தான் இடத்தை மாற்றுவதில் பெரும் பயன் கிடைக்கும்.

எங்கள் பக்க வீடுகளில் பெரிய எதிரி தகரக் கூரை. உலோகம் அலையைத் திருப்பி அனுப்பிவிடும்; கோபுரம் இருக்கும் திசையில் மாமரமோ மரமுந்திரியோ அடர்ந்து நின்றால், மழையில் நனைந்த இலைகள் இன்னும் கொஞ்சத்தை விழுங்கும். ரவுட்டரைக் கோபுரத் திசையில் உள்ள யன்னலுக்கு மாற்றி எண்களைப் பாருங்கள். பின்னர் நீண்ட மின்வயர் ஒன்றின் துணையுடன் முற்றத்தில் உயர்த்திப் பிடித்தும் பாருங்கள். கடைகளில் விற்கும் வெளிப்புற அன்டெனாவோடு வரும் மெல்லிய கேபிளை வாங்குவதற்கு முன் யோசியுங்கள். 1800 அல்லது 2300 மெகாஹேர்ட்ஸ் அலை பத்து மீற்றர் மெல்லிய கேபிளுக்குள் போய் வருவதற்குள், அன்டெனா கூட்டிக் கொடுத்ததில் பெரும்பகுதி கேபிளிலேயே கரைந்துவிடும். தொலைக்காட்சி அன்டெனாவின் கேபிளைப் பயன்படுத்த நினைப்பவர்களும் உண்டு. அது 75 ஓம் வகை, ரவுட்டருக்கு வேண்டியது 50 ஓம் வகை; இரண்டும் சரியாகப் பொருந்தாது. இவற்றைவிட, ரவுட்டரையே உயரத்தில் வைத்து, அங்கிருந்து ஈதர்நெட் கேபிளை வீட்டுக்குள் இறக்குவது மேல்; அந்தக் கேபிள் 100 மீற்றர் வரை வேகம் குறையாமல் கொண்டுவரும்.

வெல்லாவெளி வாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. 360பி என்று நிலைப்படுத்தி, மூன்று நிமிடம் பின்னுக்கு இழுத்து விட்டதும் நேற்று இரவுச் செய்தி முழுவதும் ஓடியது. இடையில் ஒரு தடவை மட்டும் நின்றது. கூடத்தில் ஆர்.எஸ்.ஆர்.பி -114 என்று காட்டுகிறது. முற்றத்தில் உயர்த்திப் பிடித்தபோது -101 ஆனது. வளவில் பழைய தொலைக்காட்சி அன்டெனாக் குழாய் ஒன்று நிற்கிறது. அதன் மேல் ரவுட்டரைக் கட்டினால் வெயிலும் மழையும் தாங்குமா? மின்சாரத்தை மேலே கொண்டு செல்வது எப்படி?

கோமாரி அன்டெனாக்காரர்:

-114 க்கும் -101 க்கும் இடையிலான 13 டெசிபெல் வேறுபாடு என்பது சிக்னலின் வலுவில் ஏறத்தாழ 20 மடங்கு. கட்டாயம் மேலே ஏற்றுங்கள். உலோகப் பெட்டி கூடாது. வெளிர் நிறப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை எடுத்து, அடிப்பக்கத்தில் மட்டும் காற்றுத் துளைகள் இடுங்கள். கேபிளையும் அடிப்பக்கமாகவே விட்டு, பெட்டிக்குக் கீழே ஒரு வளைவு தொங்கும்படி கட்டினால் மழைநீர் உள்ளே வழியாது. நண்பகல் வெயில் நேராக விழும் இடமானால், மேலே சிறு மறைப்பு ஒன்றும் வேண்டும்.

மின்சாரத்துக்குத் தனி வயர் தேவையில்லை. 100 மெகாபிட் இணைப்புக்கு ஈதர்நெட் கேபிளின் எட்டுக் கம்பிகளில் நான்கே போதும். மீதி நான்கின் வழியாக ரவுட்டரின் 12 வோல்ட்டை மேலே அனுப்பும் சோடி இணைப்பான்கள் கணினிக் கடைகளில் கிடைக்கும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகலில் இடி முழங்கத் தொடங்கினால், வீட்டுக்குள் இருக்கும் முனையில் மின் இணைப்பையும் ஈதர்நெட் கேபிளையும் கழற்றி வைத்துவிடுங்கள். குழாயின் அடியை நிலத்தில் புதைத்த செப்புக் கம்பியோடு இணைத்திருக்கிறார்களா என்பதையும், ஏறுவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.