லூஸ்ல சிகரெட் விக்கறத நிறுத்துனா தம் அடிக்கறது குறையுமா?

கிண்டி கார்த்தி:
மகாராஷ்டிரால 2020லயே லூஸ்ல சிகரெட், பீடி விக்கக்கூடாதுன்னு உத்தரவு போட்டாங்க. இங்கயும் கறாரா கொண்டு வரணும்ங்கறது என் கட்சி. 2016 ஏப்ரல்ல இருந்து பாக்கெட்ல 85 சதவீத இடத்துல அந்த புண்ணு படம் போடறாங்க, ஆனா பதினோரு வருஷம் தம் அடிச்ச நான் அந்த படத்த உத்து பாத்தது நாலஞ்சு தடவ இருந்தா அதிகம். ஏன்னா வாங்கினதெல்லாம் ஒண்ணு ஒண்ணா தான். கடைக்காரரு ரெண்டு விரல்ல உருவி நீட்டுவாரு, கம்பியில தொங்கற லைட்டர்ல பத்த வச்சா வேல முடிஞ்சுது. படம் அவர பாத்துட்டே இருக்கும்.

டீக்கடை ராசா:
தம்பி, கடை போட்டு பாத்துட்டு பேசுங்க. எங்கிட்ட வர்றவன்ல முக்காவாசி பேரு ஒரு டீ ஒரு தம்மு தான். பாக்கெட்டா தான் தருவேன்னா பக்கத்து கடைக்கு போயிருவான், இல்லன்னா பாக்கெட்ட வாங்கி ராத்திரிக்குள்ள பத்தையும் ஊதி தள்ளிருவான். ஒண்ணு வாங்கறவன் அடுத்ததுக்கு எந்திரிச்சு வரணும்ல, அந்த சோம்பேறித்தனத்துலயே ரெண்டு குறையுது. சிகரெட்ல எனக்கு நிக்கறது சில்லற, ஆனா அவன் வரலன்னா டீயும் போச்சு வடையும் போச்சு. சிகரெட் கம்பெனி ஐடிசியோட பங்குல 15 சதவீதம் பக்கம் அரசாங்கத்தோட எல்ஐசி கையில இருக்கு, அத யாரும் கேக்க மாட்டேங்கறீங்க, எங்க கல்லாவுக்கு மட்டும் வந்துர்றீங்க.

கிண்டி கார்த்தி:
எல்ஐசி விஷயம் நியாயமான கேள்விண்ணே, நான் ஒத்துக்கறேன். ஆனா 18 வயசுக்கு கீழ விக்கக்கூடாது, ஸ்கூல்ல இருந்து 100 கஜத்துக்குள்ள விக்கக்கூடாதுன்னு 2003 சட்டத்துலயே இருக்கு, எங்க நடக்குது? நானும் ஃப்ரெண்டும் பிளஸ் டூல காசு சேத்து ஒரே ஒரு சிகரெட்ட வாங்கி சுவத்துக்கு பின்னாடி மாத்தி மாத்தி இழுத்தோம். பாக்கெட்டா தான் கிடைக்கும்னு சொல்லிருந்தா அன்னிக்கு பஜ்ஜிய தின்னுட்டு போயிருப்போம்.

தென்காசிக்காரன்:
ரெண்டு பேரும் சிகரெட்டயே புடிச்சு தொங்குதீங்க. 2016-17 சர்வேப்படி நாட்டுல பீடி குடிக்கிறவங்க 7.7 சதவீதம், சிகரெட் வெறும் 4. ஆனா 2025 செப்டம்பர் ஜிஎஸ்டி கூட்டத்துல சிகரெட்டுக்கு 40, பீடிக்கு 28ல இருந்து 18ஆ இறக்கியாச்சு. ஏழையோட நெஞ்சு மட்டும் இரும்பா என்ன? இத சொல்ற எனக்கே கூச்சமா இருக்கு, ஏன்னா எங்கம்மா மடியில சுளகு வச்சு பீடி சுத்தித்தான் நான் டிப்ளமா முடிச்சேன். ஆயிரம் சுத்தினா தான் கூலி, கடையில கொண்டு போட்டா சரியில்லன்னு ஒரு பிடிய ஒதுக்கிருவான். எங்கம்மா ஒரு பீடி குடிச்சதில்ல, ஆனா அந்த தூள் இருமல் இன்னும் போகல. வரி போடுங்கன்னு சொல்ல நாக்கு வருது, அடுத்த தெருவுல சுத்திட்டு இருக்கற சித்தி முகம் வந்து நிக்குது.

மெடிக்கல் விஜி:
சட்டத்தால ஒண்ணுமே ஆகலன்னு சொல்ல முடியாதுங்க. 2008 அக்டோபர் 2ல அன்புமணி அமைச்சரா இருந்தப்ப பொது இடத் தடை வந்துச்சு, அதுக்கு முன்னாடி பஸ்ல முன் சீட்டுக்காரர் புகை மூஞ்சில அடிச்சாலும் வாய மூடிட்டு வரணும், இப்ப நாலு பேரு திட்டிருவாங்க. நாட்டுல புகையிலை பழக்கம் 2009-10ல 34.6 சதவீதம், 2016-17ல 28.6. ஆனா அதே சர்வேல தமிழ்நாடு 16.2ல இருந்து 20க்கு ஏறிருக்கு, நாம பெருமைப்பட ஒண்ணுமில்ல. லூஸ் விஷயத்துல நான் கார்த்தி பக்கம். பாக்கெட்ல படம் மட்டுமில்ல, விடணும்னா கூப்பிடுங்கன்னு 1800-11-2356ங்கற இலவச நம்பரும் இருக்கு. என் கடைக்கு நிகோடின் சுயிங்கம் கேட்டு வர்றவங்ககிட்ட அந்த நம்பர சொன்னா, அப்படி ஒண்ணு இருக்கான்னு கேக்கறாங்க.

டீக்கடை ராசா:
இருங்க இருங்க. விக்கற எனக்கே அந்த நம்பரு இப்ப தான் தெரியுது. சரி, நாளைக்கு ஒரு பாக்கெட்ட படம் வெளிய தெரியறாப்ல திருப்பி வைக்கறேன், எத்தன பேரு மூஞ்ச சுளிக்கறான்னு பாத்துட்டு வந்து சொல்றேன். லூஸ்ல குடுக்கறத மட்டும் நிறுத்த மாட்டேன், அது வேற.

தென்காசிக்காரன்:
பக்கத்துலயே ஒரு பீடிக்கட்டையும் வைங்கண்ணே.