டிக்கோயா வீடு: ஸ்லாப்பில் ஒழுக்கு, அடித்த பூச்சும் நிற்கவில்லை

டிக்கோயா வீட்டுக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். டிக்கோயாவில் எங்கள் வீடு. 28 அடிக்கு 20 அடி, 5 இஞ்சி கொங்கிரீட் ஸ்லாப். மேலே ஒரு மாடி எடுக்கும் எண்ணத்தில் தூண் கம்பிகளை நீட்டி விட்டுத்தான் போட்டோம். 2022 நெருக்கடியில் சீமெந்தும் கம்பியும் விலை ஏறியதும் மாடி வேலை அப்படியே நின்றுவிட்டது. கம்பிகள் இன்னும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

மே மாதம் மழை பிடித்தால் ஹோலில் லைட் பொயின்ட் வழியாகத் தண்ணீர் சொட்டுகிறது. குசினிப் பக்கத்து மூலையில் சுவர் ஊறி, ஸ்லாப்பின் அடியில் வெள்ளையாக ஏதோ பூத்து, ஓரிடத்தில் சிறு குச்சி மாதிரித் தொங்குகிறது. மேலே ஏறிப் பார்த்தால் குசினிப் பக்கம் கட்டைச்சுவரை ஒட்டித் தண்ணீர் குளம் கட்டி நிற்கிறது. மழை விட்டு இரண்டு நாள் ஆனாலும் வற்றுவதில்லை.

போன வருடம் ஒழுக்கை நிறுத்தும் வெள்ளைப் பெயின்ட் வாங்கி மேலே இரண்டு கை அடித்தோம். அடுத்த மழைக்கே கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிட்டது. இப்போது ஹாட்வெயார் கடைக்காரர் உள்ளே, அடிப்பக்கம் ஒரு பூச்சு அடிக்கச் சொல்கிறார். மேசன் பாஸ் மேலே ஒரு இஞ்சி சாந்து போட்டால் போதும் என்கிறார். மச்சான் தார் ஷீட் ஒட்டச் சொல்கிறார். கையில் இருப்பது ஒரு வேலைக்குத்தான் காணும். அம்மா படுக்கிற அறையும் அந்தப் பக்கம்தான், அதனால் இனியும் தள்ளிப்போட மனமில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மஸ்கெலியா

தம்பி, யோசிக்காமல் மேலே பைப் அடித்துத் தகரம் போட்டுவிடுங்கள். எங்கள் பக்கம் ஸ்லாப் வீடு முக்கால்வாசி அப்படித்தான் இருக்கிறது. காயப்போடவும் ஓர் இடம் கிடைக்கும். காற்றுக்குப் பறக்காத மாதிரிப் பைப்பை ஸ்லாப்போடு இறுக்கிப் பூட்டச் சொல்லுங்கள், அது முக்கியம்.

தலவாக்கலை மேசன்

தம்பி, முதலில் ஒன்று. லைட் பொயின்டில் தண்ணீர் சொட்டுகிறது என்றால் அந்த லைன் சுவிட்சை இன்றைக்கே போர்டில் அணைத்துவிடுங்கள். ஒழுக்கைப் பிறகு பார்க்கலாம். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று விடாதீர்கள்.

நான் இந்த மலையில்தான் மேசன் வேலை பழகினேன், இப்போது சைட் பார்க்கிறேன். ஒழுகுகிற ஸ்லாப்புக்கு என்னைக் கூப்பிட்டால் வீட்டுக்காரர் முதலில் காட்டுவது கீழே சொட்டுகிற இடத்தைத்தான். நான் நேரே மேலே ஏறிவிடுவேன். சொட்டுகிற இடமும் தண்ணீர் இறங்குகிற இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. உங்கள் லைட் பொயின்டையே எடுங்கள். கொங்கிரீட்டுக்குள் வயர் போகும் குழாய் படுத்திருக்கிறது. எங்கேயோ ஒரு வெடிப்பில் இறங்கும் தண்ணீர் அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு ஓடி, முதலில் திறந்திருக்கும் வாயில் வெளியே வருகிறது. லைட்டுக்கு நேர் மேலே மட்டும் பூசி ஒரு பிரயோசனமும் இல்லை.

என் சந்தேகம் உங்கள் தூண் கம்பிகள் மேல்தான். கம்பி நிற்கும் இடத்தில் கொங்கிரீட் இறுகும்போது சுற்றிலும் மயிரிழை அளவு விலகும். அப்புறம் காற்றில் கம்பி ஆடும், யாராவது கொடி கட்டுவார்கள், இடைவெளி இன்னும் கூடும். அந்த வழியே இறங்கும் தண்ணீர் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு என்பது இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கிற சாமான், கொங்கிரீட்டை உள்ளே இருந்தே பிளந்துவிடும். நாளைக்கு மாடியைத் தாங்க வேண்டியதும் அதே கம்பிதான், தம்பி. ஒழுக்கைவிட எனக்கு அதுதான் பெரிய கவலை.

அடியில் தொங்கும் வெள்ளைக் குச்சி, சீமெந்தில் இருந்து கரைந்து வந்த சுண்ணாம்பு. காற்றுப் பட்டதும் கல்லாகிவிடுகிறது. அது ஒரு நாளில் வளர்வதில்லை. அந்த வழியில் நெடுநாளாகத் தண்ணீர் போகிறது என்று அர்த்தம்.

கடைக்காரர் சொல்லும் அடிப்பக்கப் பூச்சு வேண்டவே வேண்டாம். மேலே இருந்து வரும் தண்ணீரைக் கீழே அடைத்தால் அது ஸ்லாப்புக்குள்ளேயே நின்று கம்பியைத் தின்னும். பார்வைக்குச் சுவர் காய்ந்து நன்றாக இருக்கும், ஒரு நாள் கொங்கிரீட் பொருக்கு விட்டு விழும்.

வெறும் ஒரு இஞ்சி சாந்தும் சரிவராது. 28 அடி ஸ்லாப், பகல் வெயிலுக்கும் ராத்திரிக் குளிருக்கும் இடையில் 20 பாகை மாறினால் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நீண்டு சுருங்கும். கீழே வெடிப்பு திறந்து மூடினால் மேலே இருக்கும் சாந்தும் அதே கோட்டில் வெடிக்கும். மேசன் பாஸ் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடச் சரிவு, எடுத்துப் போடுவதைச் சொல்லியிருந்தால் அது வேறு கதை.

வாட்டம்தான் இங்கே விஷயம். எந்தப் பூச்சும் மழையைத் தாங்கும். மாதக்கணக்கில் குளமாக நிற்கிற தண்ணீரைத் தாங்குகிற பூச்சு குறைவு. 80 அடி ஓடினால் ஒரு அடி இறங்க வேண்டும், நான் அதற்குக் குறைத்து எடுப்பதில்லை. உங்கள் 20 அடியை ஒரே பக்கம் சாய்த்தால் ஒரு கரையில் 1 இஞ்சி, மறு கரையில் 4 இஞ்சி சாந்து வரும். மொத்தம் ஏறத்தாழ 7 டன் பாரம். நடுவில் முகடு வைத்து இரண்டு பக்கமும் 10 அடி இறக்கினால் 5 டன்னுக்குள் முடியும், ஆனால் இரண்டு கரையிலும் தண்ணீர் போக வழி வேண்டும். மாடிக்கென்று போட்ட ஸ்லாப் வழக்கமாக இதைத் தாங்கும். ஆனாலும் பிளான் கீறியவரிடம் காட்டாமல் ஏற்றாதீர்கள்.

இங்கே ஒரு கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். மாடி எப்போது? இரண்டு மூன்று வருடத்தில் எடுப்பீர்கள் என்றால் வாட்டச் சாந்து போடாதீர்கள், பிறகு மட்டமான தரைக்கு அதைக் கொத்தி எடுக்க வேண்டி வரும். மஸ்கெலியாக்காரர் சொன்ன தகரம்தான் சரி. கழற்றி மாடிக்கு மேலேயே போட்டுக்கொள்ளலாம். தகரத்துக்குப் பீலி வைத்துத் தண்ணீரை வீட்டுக்கு வெளியே இறக்குங்கள். ஆனால் தகரம் போடுவதற்கு முன்னால் கம்பி அடியையும் வெடிப்புகளையும் அடைக்கத்தான் வேண்டும், சாரல் உள்ளே அடிக்கும்.

மாடி இப்போதைக்கு இல்லை என்றால் ஸ்லாப்பை முழுக்கச் செய்யுங்கள். பாசியையும் கிளம்பிய பெயின்டையும் கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டி எடுங்கள். ஒட்டியிருக்கிறதே என்று பழைய பெயின்டை விட்டுவைத்தால் புதியது அதோடு சேர்ந்து கிளம்பும். வெடிப்பை அரை இஞ்சி அகலத்துக்கு V மாதிரி வெட்டித் தூசி ஊதி, சுருங்காத சாந்தால் அடைக்க வேண்டும். பிறகு வாட்டம். கட்டைச்சுவரும் ஸ்லாப்பும் சேரும் மூலையை அப்படியே 90 பாகையில் விடக்கூடாது, 2 இஞ்சிக்குச் சாந்தைச் சாய்த்துப் பிடியுங்கள். அதற்கு மேல்தான் பூச்சு. தூளும் பாலும் தனித்தனியாக வரும், கலந்து அடிக்கிற சீமெந்துப் பூச்சு, இழுத்தால் கொஞ்சம் நீளும். முதல் கை ஒரு திசை, நடுவில் நார் வலை, இரண்டாம் கை குறுக்கே. கட்டைச்சுவரில் 6 இஞ்சி ஏற்றி அடியுங்கள். குசினி மூலையில் ஊறுவது அந்தச் சந்தில்தான் என்று நினைக்கிறேன். தார் ஷீட் நல்ல சாமான்தான், ஆனால் தூண் தூணாகக் கம்பி நிற்கிற ஸ்லாப்பில் ஒவ்வொன்றையும் சுற்றி வெட்டி ஒட்ட வேண்டும், அந்த வெட்டெல்லாம் நாளைக்கு ஒழுகும் இடம்.

தண்ணீர் போகும் குழாய் 2 இஞ்சியாக இருந்தால் 4 ஆக்குங்கள். யூகலிப்டஸ் இலை நாலு விழுந்தாலே 2 இஞ்சிக் குழாய் அடைபடும்.

காலம் பார்த்துச் செய்யுங்கள். உங்கள் பெயின்ட் கொப்புளித்ததற்கு முக்கால்வாசிக் காரணம் ஈரம். மேலே காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே ஊறியிருக்கும், வெயில் பட்டதும் ஆவி கிளம்பிப் பெயின்டைத் தள்ளும். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் ஜனவரி கடைசியில் இருந்து மார்ச் வரைதான் நமக்கு வாய்ப்பு. ஒன்றரை அடிச் சதுரத்துக்குப் பொலித்தீன் வெட்டி நாலு பக்கமும் டேப் ஒட்டி, சாயந்தரம் போட்டு மறுநாள் காலை 16 மணி நேரம் கழித்துத் தூக்கிப் பாருங்கள். அடியில் நீர்த்துளி இருந்தால் இன்னும் பொறுங்கள்.

நுவரெலியா அக்கா

மேசன் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் ஊர் 6,000 அடிக்கு மேல். ஜனவரியில் மழையே இல்லாத நாளில், விடியற்காலையில் குசினி ஸ்லாப் அடியில் முத்து முத்தாக நீர் கோர்த்து நிற்கும். நாங்களும் ஒழுக்கு என்றுதான் நினைத்தோம். சோறு வேகும் ஆவி குளிர்ந்த கொங்கிரீட்டில் பட்டுத் தண்ணீராகிறது, அவ்வளவுதான். அதற்கு மேலே எந்தப் பூச்சு அடித்தாலும் நீர் கோர்ப்பது நிற்காது. ஜன்னலுக்கு மேல் காற்றுப் போக வழி விட்டதும் எங்களுக்குக் குறைந்தது.

தம்பி, அந்த மூலையில் ஈரத்தைத் துடைத்துவிட்டு ஒரு துண்டு பொலித்தீனை இறுக்கி ஒட்டிப் பாருங்கள். அறையைப் பார்த்த பக்கம் நனைந்தால் ஆவி. கொங்கிரீட்டைப் பார்த்த பக்கம் நனைந்தால் உள்ளிருந்து வருகிறது.

பண்டாரவளை

எங்கள் பக்கத்து ஆட்கள் வாசித்தால் கவனியுங்கள்: அண்ணன் சொன்ன ஜனவரிக் கணக்கு ஹட்டன் பக்கத்துக்கு. நமக்கு டிசம்பர், ஜனவரியில் வடகீழ் மழை இருக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்றுக் காலம், அப்போதுதான் ஸ்லாப் நன்றாகக் காயும்.

டிக்கோயா வீட்டுக்காரன்

எல்லாருக்கும் நன்றி. லைன் சுவிட்சை அணைத்துவிட்டேன். அக்கா சொன்ன மாதிரி ஒட்டிப் பார்த்தேன், கொங்கிரீட் பக்கம்தான் நனைகிறது. வீட்டில் பேசினோம். தங்கச்சியின் படிப்பு முடிகிற வரைக்கும் மாடி இல்லை, ஆனால் கட்டாயம் எடுப்போம். அதனால் தகரம் என்று முடிவு.

அண்ணே, கம்பி அடியை எப்படி அடைப்பது? எங்கள் பாஸ் சீமெந்துப் பால் ஊற்றினால் போதும் என்கிறார்.

தலவாக்கலை மேசன்

பால் ஊற்றினால் போதாது, தம்பி. மேலே படிந்து காய்ந்து வெடித்துவிடும். ஒவ்வொரு தூணிலும் கம்பிகளைச் சுற்றி ஒரு இஞ்சி ஆழத்துக்குக் கொத்தச் சொல்லுங்கள். உளியும் சுத்தியலும் போதும், பெரிய மெஷின் வேண்டாம், அது புது வெடிப்பை உண்டாக்கும். கம்பியில் துருவை பிரஷ் போட்டுப் பளபளப்பு தெரியும் வரை எடுத்து, துருவுக்கு அடிக்கிற பிரைமர் ஒரு கை. பள்ளத்தைச் சுருங்காத சாந்தால் நிரப்பி, தூண் அளவுக்கே ஸ்லாப்புக்கு மேல் 3 இஞ்சி உயரத்துக்குக் கொங்கிரீட்டில் மேடை எழுப்புங்கள். மாடி எடுக்கும்போது தூண் அதன் மேலேயே வரும். சாக்கு போட்டு ஏழு நாள் ஈரமாக வையுங்கள். குளிர்தானே, தேவையில்லை என்பார்கள், கேட்காதீர்கள். மழையில்லாக் காலத்துக் காற்று ஒரே நாளில் உறிஞ்சிவிடும்.

மேடை இறுகியதும், தகரம் போடுவதற்கு முன்னால், குசினிப் பக்கத்தைச் சாந்தால் வரம்பு கட்டி 2 இஞ்சித் தண்ணீர் நிறுத்தி ஒரு நாள் பாருங்கள். அடியில் ஈரம் வராவிட்டால் பைப் அடிக்கலாம். கொத்திய பிறகு கம்பி எப்படி இருக்கிறது என்று ஒரு படம் போடுங்கள். துரு கம்பியின் தடிப்பைத் தின்றிருந்தால் மாடிக்கு முன் என்ஜினியர் பார்க்க வேண்டும்.