குடும்ப மருத்துவம்: மூன்று வருட ரெசிடன்சியா, வேலை பார்த்துக்கொண்டே ஜிடிஎஃப்எம்மா?

இரவுப்பணி எழுதியது:

வணக்கம். சிங்கப்பூரில் பொது மருத்துவப் பிரிவில் எம்ஓவாக (மருத்துவ அதிகாரி) இருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இடம் மாற்றிவிடுகிறார்கள். எந்த வார்டில் ஸ்டேப்ளர் எந்த டிராயரில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்குள் அடுத்த இடத்துக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது.

குடும்ப மருத்துவம் எடுக்கலாமா என்று ஒரு வருடமாகவே மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று வருட ரெசிடன்சி என்ற முழுநேரப் பயிற்சியில் சேர்ந்து எம்மெட் என்ற முதுநிலைப் பட்டத் தேர்வு எழுதுவதா, இல்லை பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) எம்ஓவாக இருந்துகொண்டே இரண்டு வருடப் பகுதிநேர ஜிடிஎஃப்எம் (குடும்ப மருத்துவப் பட்டயப் படிப்பு) முடிப்பதா என்பதுதான் குழப்பம். மூன்று வருடத்தில் பாதியை மறுபடியும் மருத்துவமனை வார்டுகளில்தான் கழிக்க வேண்டும் என்கிறார்கள். பிற்பாடு மருந்தகத்தில் உட்காரப்போகிற ஆளுக்கு அதனால் என்ன பயன்?

வீட்டு நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். தீபாவளி விருந்தில் பெரியம்மா, "நம்ம புளோக் கீழே இருமல் மருந்து கொடுக்கிறாரே, அவர் மாதிரியா?" என்று கேட்டார். அம்மா ஒன்றும் சொல்லாமல் எனக்கு இன்னொரு முறுக்கு வைத்தார். அது இன்னும் மோசம்.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

ரெண்டாம்வருஷம் எழுதியது:

நான் இப்போது ரெசிடன்சி இரண்டாம் வருடம். வார்டு சுற்றுகள் உண்டுதான்: பொது மருத்துவம், குழந்தைகள், மகப்பேறு, எலும்பு, அவசரப் பிரிவு, மனநலம் என்று. சிலது சலிப்பு, சிலது தங்கம். குழந்தைகள் பிரிவில் கற்றது ஒன்றே ஒன்றுதான், நூறு காய்ச்சல் குழந்தைகளில் வீட்டுக்கு அனுப்பக்கூடாத அந்த ஒரு குழந்தை எப்படி இருக்கும் என்பது. அதை மருந்தகத்தில் மட்டும் உட்கார்ந்துகொண்டு கற்க முடியாது, அங்கே அந்தக் குழந்தை வருடத்துக்கு ஒரு முறைதான் வரும்.

ஆனால் ரெசிடன்சியின் உண்மையான லாபம் நமக்குப் பின்னால் ஒரு மூத்தவர் நிற்பதுதான். ஒரு கதை சொல்கிறேன், ஆளை அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். ஒரு தமிழ்ப் பாட்டி, எழுபதைத் தாண்டியவர், இரவில் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) பத்துக்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு டாக்டர், ஒவ்வொருவரும் இரண்டு யூனிட், நான்கு யூனிட் ஏற்றியிருக்கிறோம். அதில் நானும் ஒருத்தி. "சோறு குறைச்சீங்களா பாட்டி, இனிப்பு சாப்பிடுறீங்களா" என்று அதே விசாரணை, அவரும் குற்றவாளி மாதிரி தலையைக் குனிந்துகொள்வார்.

அன்று எனக்கு மேற்பார்வையாக இருந்தவர் உள்ளே வந்தார். கணினியைப் பார்க்கவே இல்லை. "எங்கே ஊசி போடுறீங்க, காட்டுங்க" என்றார். பாட்டி புடவையை விலக்கித் தொப்புளுக்கு இடதுபக்கம் காட்டினார். மேற்பார்வையாளர் என் கையை எடுத்து அங்கே வைத்தார். குட்டி இட்லி ஒன்றைத் தோலுக்கு அடியில் வைத்தது மாதிரி மெத்தென்று ஒரு தடிப்பு. வருடக்கணக்காக ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கொழுப்பு தடித்துப்போயிருக்கிறது, அங்கே போட்ட மருந்து ஒழுங்காக உள்ளே போகவே இல்லை. ஏன் அங்கேயே என்று கேட்டால், "அங்கதான்மா வலிக்கல" என்கிறார். அதுவும் சரிதான், அந்த இடத்தில் வலி தெரியாது.

இடத்தை மாற்றச் சொல்லி நான் உடனே எழுதப்போனேன். மேற்பார்வையாளர் கையைப் பிடித்து நிறுத்தினார். முதலில் அளவைக் குறை, புது இடத்தில் முழு மருந்தும் ஏறினால் ராத்திரியே பாட்டிக்குச் சர்க்கரை இறங்கிவிடும் என்றார். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, நானும் படித்துத் தேர்வே எழுதியிருக்கிறேன். வயிற்றைத் தொட்டுப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

பெரியம்மா விஷயத்தில் என்னிடம் மருந்து இல்லை.

---

அம்மாவின்_டிரைவர் எழுதியது:

நான் டாக்டர் இல்லை, அம்மாவைப் பலதுறை மருந்தகத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவரும் ஆள். மேலே எழுதிய பாட்டி கதையைப் படித்ததும் அம்மாவிடம் கேட்டேன், ஒரே இடத்தில்தான் போடுகிறாராம், நாளைக்கே பேசுகிறோம், நன்றி.

ஒரே ஒரு வேண்டுகோள். எந்தப் படிப்பு படித்தாலும் சரி, ஒரே ஆளாக இரண்டு வருடமாவது ஓரிடத்தில் இருங்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி வந்த கதையை நானே ஐந்து டாக்டரிடம் சொல்லிவிட்டேன், இப்போது எனக்கே மனப்பாடம். இன்னொன்று, தமிழ் பேசும் டாக்டர் என்றால் அம்மா மூன்று விஷயம் கூடுதலாகச் சொல்கிறார், அதில் இரண்டு எனக்கே தெரியாதவை.

---

புளோக்கடி_டாக்டர் எழுதியது:

பெரியம்மா சொன்ன "புளோக் கீழே இருமல் மருந்து கொடுப்பவர்" நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள் தங்கச்சி. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் வந்தபோது ரெசிடன்சி என்ற பேச்சே கிடையாது, அமெரிக்க முறையைப் பார்த்து அது 2010-ல்தான் இங்கே வந்தது. நான் ஜிடிஎஃப்எம் வழியாக வந்தவன்.

அதனால் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். ஜிடிஎஃப்எம்மைக் குறைவாக நினைக்காதீர்கள். அதை முடித்தால் குடும்ப மருத்துவர் பதிவேட்டில் சேர விண்ணப்பிக்கலாம், எம்மெட் வேண்டுமென்றால் பிற்பாடு குடும்ப மருத்துவர் கல்லூரி வழியாகவும் போகலாம். ஆனால் ஒரு உண்மை: பகல் முழுக்க நோயாளி, அப்புறம் மருந்துக் கணக்கு, வாடகை, சாஸ் (அரசு மானிய) அட்டைக் கணக்கு, அதற்கு மேல் புத்தகத்தைத் திறந்தால் இரண்டாம் பக்கத்தில் தூங்கிவிடுவேன். மகள் அப்போது கைக்குழந்தை, வார இறுதி வகுப்பு என்றால் மனைவி முகத்தைப் பார்க்க முடியாது. கல்யாணம், குழந்தை என்று இன்னும் வரவில்லை என்றால், மூன்று வருடத்தை இப்போதே கொடுத்துவிடுவது மலிவு.

முன்பெல்லாம் இருமல், எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று), தடுப்பூசி என்று ஓட்டலாம். 2023 ஜூலையில் ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசுத் திட்டம் வந்து, நாற்பதும் அதற்கு மேலும் வயதுள்ளவர்கள் தங்களுக்கென்று ஒரு மருந்தகத்தைத் தேர்ந்தெடுத்துப் பதிந்துகொள்ள ஆரம்பித்த பிறகு, என் நாற்காலியில் வந்து உட்காருகிற ஆளுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகம், மனச்சோர்வு எல்லாம் சேர்ந்தே வருகிறது. ஒழுங்கான பயிற்சி இல்லாமல் இதைச் சமாளிப்பது கஷ்டம்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. தீபாவளிக்கு முன்னால் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் தீமிதிக்கு விரதம் இருக்கும் ஆட்கள் என்னிடம் வருவார்கள். ஒருவருக்குப் பதினைந்து வருடச் சர்க்கரை. காலணியைக் கழற்றச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, அந்த மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் தொட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர், "ம், ஆரம்பிங்க டாக்டர்" என்றார். நான் ஆறு இடம் முடித்துவிட்டிருந்தேன்.

போகாதீர்கள் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். அவர் தலையாட்டிவிட்டுப் போய் மிதித்திருப்பார், சூடே தெரியாமல். அவருடைய அப்பாவையும் நான்தான் பார்த்தேன், காலில் ஒரு புண் ஆறாமல் கடைசியில் என்ன ஆனது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அதைத்தான் பேசினோம், அரை மணி நேரம், வெளியே ஆட்கள் முனகிக்கொண்டிருந்தார்கள். அந்த வருடம் அங்கப்பிரதட்சணம் செய்தார். இப்போதும் அதுதான்.

ஹொக்கியன் பத்து வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். மலாய் தெரிந்தால் வயதான சீனப் பாட்டிகளிடமும் பாதி வேலை நடக்கும்.

---

ரெண்டாம்வருஷம் எழுதியது:

டாக்டர் சொன்ன அரை மணி நேரம் பலதுறை மருந்தகத்தில் கிடைக்காது, அதையும் தங்கச்சி தெரிந்துகொண்டே வரட்டும். எனக்குச் சில நாள் பத்து நிமிடம்கூட ஆடம்பரம். ஒரே நாளில் எல்லாவற்றையும் சரிசெய்யப் பார்த்தால் மதியச் சாப்பாடு போய்விடும். இன்று ஒன்று, அடுத்த முறை ஒன்று என்று பிரித்துக்கொள்ளப் பழகவே எனக்கு ஒரு வருடம் ஆனது.

---

இரவுப்பணி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. விண்ணப்பம் போடலாம் என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன். அம்மாவிடம் தீமிதி கதையைச் சொன்னேன். "அந்த டாக்டர் எந்த புளோக்?" என்று கேட்டார்.

இன்னொன்று. நேற்று இரவுப் பணியில் சும்மா இருந்த நேரத்தில், இன்சுலின் போடும் நான்கு பேரின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். ஒருவருக்கு இரண்டு பக்கமும் தடிப்பு. வீட்டில் அதே அளவு போட்டும் சர்க்கரை ஏறியே இருந்ததாம். வார்டுக்கு வந்த பிறகு காலையில் சர்க்கரை 3.4, 3.6 மில்லிமோல் என்று இறங்குகிறதே, சாப்பாடு சரியில்லையோ என்று இரண்டு நாளாகப் பேசிக்கொண்டிருந்தோம். இங்கே தாதியர் ஊசியை மேல்கையில் போடுகிறார்கள்.

---

புளோக்கடி_டாக்டர் எழுதியது:

அளவைக் குறைத்தீர்களா?

---

இரவுப்பணி எழுதியது:

குறைத்தாயிற்று. ரெஜிஸ்ட்ராரை (பணியிலிருந்த மூத்த டாக்டர்) எழுப்பிக் கேட்டுவிட்டுத்தான்.