கம்ப்ரசர் இல்லாத பிரிட்ஜ்: ஐன்ஸ்டைனா, ஸ்டாக்ஹோம் மாணவர்களா?

ராகவி:
எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'கம்ப்ரசர் இல்லாத பிரிட்ஜைக் கண்டுபிடித்தவர் ஐன்ஸ்டைன்' என்று ஒரு படம் வந்தது. மாமா அதைச் சுத்தப் பொய் என்கிறார். நான் உண்மை என்கிறேன். இயற்பியலாளர் லியோ சிலார்டும் அவரும் சேர்ந்து பெற்ற அமெரிக்கக் காப்புரிமை, எண் 1781541, நாள் 1930 நவம்பர் 11. பெர்லினில் பிரிட்ஜிலிருந்து நச்சு வாயு கசிந்து ஒரு குடும்பமே மாண்ட செய்திதான் இருவரையும் இந்த வேலையில் இறக்கியது. சுழலும் பாகமே இல்லாமல் எல்லாவற்றையும் வெல்டிங் செய்து மூடிவிட்டால் எங்கிருந்து கசியும்? இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

பிரிட்ஜ் செல்வம்:
காப்புரிமை உண்மைதான்மா. ஆனால் அந்தப் பிரிட்ஜ் கடைக்கே வரவில்லை. நான் ஓட்டல் அறை மினிபார் ரிப்பேர் பார்க்கிறவன். பின்பக்கம் பார்த்தால் கம்ப்ரசர் இருக்காது, ஹீட்டரும் குழாய்களும்தான். உள்ளே அமோனியா, தண்ணீர், ஹைட்ரஜன். ஐன்ஸ்டைன் டிசைனில் ஹைட்ரஜன் இல்லை, பியூட்டேன். நாம் புழங்குவது 1922-ல் ஸ்டாக்ஹோமில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டெர்ஸ் இருவரும் செய்தது. 1925-ல் எலக்ட்ரோலக்ஸ் கம்பெனி அதை வாங்கிவிட்டது. ஐன்ஸ்டைன் இந்தப் பக்கம் வந்ததே 1926-ல்.

பழைய ஏடு:
முந்தியவருக்குத்தான் பெருமை என்றால் ஸ்டாக்ஹோமில் ஏன் நிற்கிறீர்கள் செல்வம்? தண்ணீர் குளிர்ந்திருந்தால் அமோனியாவை உறிஞ்சும், சூடேறினால் விட்டுவிடும். இதை எந்திரமாக்கி 1859-ல் பிரான்சிலும் 1860-ல் அமெரிக்காவிலும் காப்புரிமை பெற்றவர் பெர்டினாண்ட் கார்ரே. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கிலிருந்து ஐஸ் வருவது நின்றபோது, முற்றுகையை ஏமாற்றித் தெற்கு மாநிலங்களுக்குக் கடத்திக்கொண்டு போனது கார்ரேயின் எந்திரங்களைத்தான்.

பிரிட்ஜ் செல்வம்:
கார்ரேயைக் கும்பிடுகிறேன். ஆனால் அவருடைய பெரிய எந்திரத்தில் ஒரு பக்கம் அழுத்தம் அதிகம், இன்னொரு பக்கம் குறைவு. நடுவில் பம்பு இல்லாமல் ஓடாது.

பழைய ஏடு:
வீட்டுக்கென்று அவர் செய்த சின்ன எந்திரத்தில் பம்பு கிடையாதே.

பிரிட்ஜ் செல்வம்:
இல்லைதான். ஆனால் முதலில் அடுப்பில் வைத்துச் சூடாக்கி, அப்புறம் எடுத்துத் தண்ணீரில் வைக்க வேண்டும். ஐஸ் முடிந்தால் மறுபடி அடுப்பு. இரவு பகலாகத் தானே ஓடுவதைப் பற்றியல்லவா பேசுகிறோம்?

பழைய ஏடு:
அதற்கும் வழி சொன்னவர் ஜெர்மனியின் கெப்பர்ட், 1899-ல். இன்னொரு வாயுவையும் உள்ளே விட்டால் எல்லா இடத்திலும் மொத்த அழுத்தம் ஒன்றாகிவிடும், பம்பு வேண்டாம். அவர் காற்றை வைத்தார், மாணவர்கள் ஹைட்ரஜனை வைத்தார்கள். ஒரு வாயுவை மாற்றியதற்கு இவ்வளவு பெருமையா?

பிரிட்ஜ் செல்வம்:
சார், அந்த மாற்றத்தில்தான் பிரிட்ஜே இருக்கிறது! காற்று அமோனியாவைவிடக் கனம். குளிரைத் தருவது அமோனியா ஆவியாவதுதான். அது ஆவியாகிக் காற்றில் கலந்தால் கலவை லேசாகிவிடும், கீழே இறங்காது. ஹைட்ரஜனில் கலந்தால் கனமாகித் தானே இறங்கும். கீழே தண்ணீர் அமோனியாவை உறிஞ்சியதும், மிஞ்சிய ஹைட்ரஜன் லேசாகித் தானே மேலே ஏறும். விசிறி வேண்டாம், பம்பு வேண்டாம். இந்த மினிபாரைச் சாய்த்து வைத்துப் பாருங்கள், திரவம் சரியாக வழியாமல் குளிர்ச்சி போய்விடும். புகார் வந்தால் நான் முதலில் ரசமட்டம்தான் வைத்துப் பார்ப்பேன்.

பழைய ஏடு:
கனம் பற்றிய கணக்கை ஒத்துக்கொள்கிறேன். அழுத்தத்தைச் சமப்படுத்தும் யோசனை கெப்பர்டுடையது என்பதில் மட்டும் மாற்றமில்லை.

ராகவி:
அப்படியானால் ஐன்ஸ்டைன்–சிலார்டையும் அதே தராசில் நிறுங்கள். அவர்களிடம் குளிரைத் தருவது பியூட்டேன், அழுத்தத்தைச் சமப்படுத்துவது அமோனியா. தண்ணீர் அமோனியாவை இழுத்துக்கொள்ள, கரையாத பியூட்டேன் தண்ணீர் மேல் மிதந்து தனியாகத் திரும்பிவிடும். ஸ்டாக்ஹோம் வழியிலிருந்து இது முற்றிலும் வேறு. மாமாவிடம் 'முதலில் கண்டுபிடித்தவர்' என்பதைத் திருத்திச் சொல்லிவிடுகிறேன். 'பொய்' என்ற சொல்லை அவரும் வாபஸ் வாங்க வேண்டும்.