கருக்காலக் கதிர்படல்: ஒரு சொல்லும் அதன் வேலியும்

நண்பர்களுக்கு வணக்கம்.

பிறப்பதற்கு முன் பிள்ளை சிறிதளவு கதிர்வீச்சுக்கு உள்ளாவதைக் குறிக்க ஒரு சொல் வேண்டும் என்று நான் கேட்டதற்கு வந்த மறுமொழிகள் அனைத்தையும் அச்செடுத்து முன்னால் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். புதிதாக இணைந்தவர்களுக்காகக் காரணத்தை மறுபடியும் சொல்லிவிடுகிறேன். கிளிநொச்சிப் பக்கத்துக் குடும்பநல உத்தியோகத்தர்களுக்காக (ஊரில் கர்ப்பிணிகளைக் கவனிக்கும் மருத்துவமாதுக்கள்) நாங்கள் சிலர் ஆயத்தம் செய்யும் கையேட்டில் இப்பொருள் பற்றி நான்கு பக்கங்கள் வருகின்றன. அவர்கள் அதை வாசித்து, கிளினிக்குக்கு வரும் கர்ப்பிணித் தாய்மாருக்குத் தம் வாயால் எடுத்துச் சொல்ல வேண்டும். எனவே அகராதியில் அழகாக நிற்கும் சொல் எங்களுக்குப் போதாது. மரத்தடி வாங்கிலில் இருந்து கேட்பவரையும் அது சென்றடைய வேண்டும்.

வன்னியில் இக்கேள்வி எழும் விதமே சற்று வேறானது. 2009 இல் சிறுமிகளாக இருந்தவர்கள் இன்று தாய்மாராகிறார்கள். அவர்களிற் சிலரின் உடம்பில் எறிகணைத் துண்டுகள் இன்னமும் இருக்கின்றன. நோவு எடுக்கும்போதெல்லாம் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். அப்படி ஒரு பெண் முழங்காலுக்குக் கீழே படம் எடுத்த பின்னர்தான் தாம் ஆறு கிழமை (வாரம்) கர்ப்பம் என்று அறிந்தார். விவரம் தெரிந்த ஒருவர், “பிள்ளைக்குக் கதிர்த்தாக்கம் ஏற்பட்டிருக்கும்” என்று அவரிடம் சொல்லிவிட்டார். சொன்னவர் கருதியது கதிர் பட்டது என்ற செய்தியை மட்டுமே. கேட்டவரோ தம் பிள்ளை தாக்கப்பட்டுவிட்டது என்று விளங்கிக்கொண்டு, கருவைக் கலைக்க வழி கேட்டு அலைந்தார். காலில் எடுக்கும் படத்தால் கருவைச் சேரும் கதிரளவு ஒரு மில்லிகிரேயின் (உடல் உறிஞ்சும் கதிரை அளக்கும் அலகு) ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவானது. கதிர்வீச்சை மட்டும் காரணம் காட்டிக் கருவைக் கலைப்பது 100 மில்லிகிரேக்குக் கீழே நியாயமாகாது என்று பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் 2000 ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டது. இரண்டு எண்களுக்கும் இடையே ஒரு இலட்சம் மடங்கு தூரம் கிடக்கிறது. ‘தாக்கம்’ என்ற ஒற்றைச் சொல் அதை ஒரே காலடித் தூரமாகச் சுருக்கிவிட்டது.

ஆகவே சென்னை நண்பர் முன்வைத்த ‘கதிர்த்தாக்கம்’ என்பதை நான் ஏற்கவில்லை. அச்சொல் காரணத்தையும் விளைவையும் ஒரே சாக்கில் கட்டிவிடுகிறது. போதாததற்கு, எங்கள் பாடநூல்களில் இரசாயனத் தாக்கம் என்பது நீங்கள் வேதிவினை என்பதைக் குறிக்கும். உயர்தரம் படித்த பிள்ளை குழம்பாமல் இருக்க முடியாது. (நீங்கள் ‘செல்’ என்று எழுதும் இடத்தில் நாங்கள் ‘கலம்’ என்று எழுதுவதை மாற்றச் சொல்லவேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். செல் என்றால் எங்கள் ஊரில் கூவிக்கொண்டு வந்து விழுந்து வெடிப்பது.)

ஆங்கில exposure என்பதற்கு ‘வெளிப்பாடு’ செய்தித்தாள்களில் ஏற்கெனவே ஊன்றிவிட்டது என்ற வாதம் உண்மைதான். ஆனால் தமிழில் வெளிப்படுவது உள்ளே இருந்து வெளியே வருவது. கவலை வெளிப்படும், உண்மை வெளிப்படும். கருப்பைக்குள் இருக்கும் சிசு எங்கே வெளிப்பட்டது? அங்கே கதிர்தான் வந்து சேருகிறது. இன்னொரு முன்மொழிவான ‘கதிரேற்பு’ இலக்கணத்தில் குறையற்றது என்றாலும், ஏற்பவருக்கு விருப்பம் இருப்பதாக ஒரு தொனி அதில் உண்டு; கேட்டுப் பெறாத ஒன்றுக்கு அது பொருந்தவில்லை.

நான் முன்வைப்பது ‘படுதல்’ என்னும் வினை. வெயில் படுகிறது, காற்றுப் படுகிறது, மழைத்தூறல் படுகிறது. பட்டதால் என்ன ஆயிற்று என்பதை அவ்வினை முன்கூட்டித் தீர்ப்பதில்லை. பட்டது என்று மட்டும் சொல்லி நிற்கிறது. அதிலிருந்து கதிர்படல். ‘கதிர்ப்பாடு’ என்று ஆக்கலாமே என ஒருவர் எழுதியிருந்தார். பாடு என்றால் இங்கே துன்பம், பட்டபாடு போதும்.

மட்டக்களப்பிலிருந்து எழுதிய அக்கா ஒரு தடையைச் சரியாகவே பிடித்தார். கர்ப்பிணிகள் மீது கிரகணம் படக்கூடாது, கண் படக்கூடாது என்ற அச்சங்களையும் இதே வினைதான் தாங்கி நிற்கிறது. ஆகவே கதிர்படல் என்றதும் கிரகணத்துக்குக் கதவடைக்கும் மனநிலை கிளம்பாதா என்று கேட்டிருந்தார். கிளம்பக்கூடும். ஆனால் வினை நடுநிலையாக இருந்தால் அடுத்த கேள்வியை எழுப்ப முடியும்: எவ்வளவு பட்டது, எத்தனையாம் கிழமையில் பட்டது? தாக்கம் என்று தொடங்கினால் அக்கேள்விகளுக்கு இடமே இல்லை. கொக்கிளாய்க்குத் தெற்கே புல்மோட்டைக் கரை மணலில் இல்மனைற்று என்னும் கனிமத்தோடு, தோரியம் என்னும் கதிரியக்க மூலகம் கொண்ட மொனசைற்றும் சிறிது கலந்திருக்கிறது. வைத்தியசாலைப் பக்கமே போகாதவருக்கும் மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் கதிர் படுகிறது. உலகச் சராசரியில் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 2.4 மில்லிசீவெர்ட் (உடலுக்கு நேரக்கூடிய தீங்கையும் கணக்கில் எடுக்கும் கதிரளவு அலகு). இதைச் சொல்ல ‘படுதல்’ போல இயல்பான வினை எனக்குக் கிடைக்கவில்லை. கதிரியக்க அயடீன் போன்றவை உடலுக்குள் புகுந்து, சூல்வித்தகத்தை (நஞ்சை) கடந்து, மூன்றாம் மாதமளவில் வேலை தொடங்கும் சிசுவின் தைரொயிட்டுச் சுரப்பியில் தங்குவதை இச்சொல் முழுவதுமாகத் தாங்காது என்பது மெய். அங்கே ‘அகக் கதிர்படல்’ என்று அடைமொழி சேர்த்துச் சமாளிக்கலாம்.

இனி முன்னொட்டு. ‘பிறப்புக்கு முந்திய’ என்று பெரும்பாலானோர் எழுதினீர்கள். அது எதுவரை முந்தியது? இங்கிலாந்தின் செலாஃபீல்ட் அணு ஆலையில் வேலை செய்த தந்தையர் மீது, பிள்ளை கருவாவதற்கு முன்பே பட்ட கதிர்தான் அயலூரில் பிள்ளைகளுக்கு வந்த இரத்தப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கலாம் என்று 1990 இல் மார்ட்டின் கார்ட்னர் என்ற ஆய்வாளர் ஒரு கருதுகோளை முன்வைத்தார். பின்வந்த ஆய்வுகள் அதற்குத் துணைநிற்கவில்லை. அதுவும் பிறப்புக்கு முந்தியதுதான், ஆனால் நாம் பேசும் பொருள் அதுவன்று. கருத்தரிப்பிலிருந்து பிரசவம் வரை என்று வேலி கட்டிய சொல் வேண்டும். அதனாற்றான் ‘கருக்கால’.

அந்தக் காலமும் ஒரே சீரானதல்ல என்பதால் இச்சொல்லில் எனக்குக் கூடுதல் பற்று. நெற்செய்கைக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. கதிர் வெளிவருமுன் தண்டுக்குள் இருக்கும் குடலைப் பருவத்தில் தண்ணீர் தவறினால் கதிர் பதராகும். அதே தவறு வேறு பருவத்தில் நேர்ந்தால் பயிர் தேறிவிடவும் கூடும். முதல் இரு கிழமைகளில் பெருமளவு கதிர் பட்டால் ஒன்றில் கரு தங்காமற் போகும், தங்கினால் பெரும்பாலும் குறையின்றி வளரும். 1945 ஓகஸ்டில் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் தாய் வயிற்றில் இருந்தவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, கருவுற்று 8 முதல் 15 கிழமைக்குள் இருந்தவர்களின் மூளையே மிகக் கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருந்தது. அக்காலப் பகுதியில் 1000 மில்லிகிரேக்கு நுண்மதி ஈவு (IQ) ஏறத்தாழ 30 புள்ளிகள் குறைந்தது என்று கணித்தார்கள். 16 முதல் 25 கிழமை வரை பாதிப்புக் குறைவு. 8 கிழமைக்கு முன்பும் 25 கிழமைக்குப் பின்பும் அத்தகைய கடும் மூளைக் குறைபாடு காணப்படவில்லை. ஆனால் இவை குண்டின் அளவுகள்; எங்கள் கிளினிக் வாசலில் பேசப்படும் அளவுகளல்ல.

‘சிறிதளவு’ பற்றிய சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஒக்ஸ்ஃபோர்டில் மருத்துவர் அலிஸ் ஸ்டூவர்ட் 1956 இல் வெளியிட்ட ஆய்வு, கர்ப்பகாலத்தில் வயிற்றில் எக்ஸ்ரே எடுத்த தாய்மாரின் பிள்ளைகளிடம் புற்றுநோய் மரணம் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. பல ஆண்டு எதிர்ப்புக்குப் பின், 1997 இல் ஆய்வாளர்களான ரிச்சர்ட் டோலும் ரிச்சர்ட் வேக்ஃபோர்டும் சான்றுகளைத் தொகுத்து, 10 மில்லிகிரே அளவிலேயே இடர் கூடுகிறது என்று முடிவு செய்தார்கள். அக்காலப் படங்களால் வந்த கூடுதல் ஏறத்தாழ 40 விழுக்காடு. கேட்டவுடன் நெஞ்சு அடைக்கும் எண். பிரித்தானியாவில் 15 வயதுக்குள் புற்றுநோய் காணும் பிள்ளைகள் ஏறத்தாழ 500 பேரில் ஒருவர் என்பதால், 2500 பேரில் 5 என்பது 7 ஆகிறது என்றே கையேட்டில் எழுதப்போகிறேன். ‘குறைந்த கதிர்படல்’ என்றால் தாய்மார் “ஒண்டுமில்லை” என்று கேட்பார்கள். அது இந்த இருவரை மறைத்துவிடும். ஆங்கிலத்தை ஒட்டித் ‘தாழ்மட்ட’ என்று எழுதினால் நிலத்தடி நீர் நினைவுக்கு வருகிறது. ‘சிற்றளவு’ என்பது இப்போதைக்கு என் தெரிவு: சிற்றளவுக் கருக்காலக் கதிர்படல். நீளமானதுதான். ஆனால் பிரித்துச் சொன்னால் ஒவ்வொரு துண்டும் தனியே விளங்கும்.

கடந்த கிழமை இரண்டு குடும்பநல உத்தியோகத்தர்களிடம் இதை வாசித்துக் காட்டினேன். மூத்தவர் தலைப்பை விட்டுவிட்டுத் தம் போக்கில் ஒரு வசனம் சொன்னார்: “பிள்ளை வயித்தில இருக்கேக்க கொஞ்சம் கதிர் பட்டிருக்கு, அம்மா, எவ்வளவு எண்டு பாப்பம்.” அதை அப்படியே முதற்பக்கத்தில் போட்டிருக்கிறேன். ‘சிற்றளவு’ என்பதற்கு யாரிடமாவது இதைவிட நல்ல சொல் இருந்தால், அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள். ஸ்கான் என்ற பெயரால் கர்ப்பிணிகளுக்கு வழமையாக எடுப்பது ஒலி அலையே, அதில் இந்தக் கதிர் எதுவும் இல்லை என்பதற்கும் ஒரு பெட்டிச் செய்தி வைக்கிறோம். அதற்கும் சுருக்கமான ஒரு தலைப்புத் தேவைப்படுகிறது.