குற்றவியல் படித்தவர்கள் கொஞ்சம் கைகொடுங்கள்

வணக்கம். குற்றவியலும் காவல் நிர்வாகமும் சேர்ந்த பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு. கைரேகை, தடயம், துப்பறிதல் என்று மனக்கோட்டை கட்டிச் சேர்ந்தேன். வந்து பார்த்தால் பாதிக்கு மேல் சமூகவியல், சட்டம், புள்ளியியல்!

கோட்பாடுகளில்தான் திணறுகிறேன். கோஹன், ஃபெல்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1979-இல் சொன்னது மட்டும் சட்டென்று புரிந்தது: துணிந்த ஆள், தோதான இலக்கு, தடுக்க யாருமில்லாத நிலை, மூன்றும் ஒரே இடத்தில் கூடினால் குற்றம். பூட்டாத சைக்கிளைப் பறிகொடுத்தவனுக்கு இது புரியாதா என்ன! ஆசைப்பட்டதை நேர்வழியில் அடைய முடியாத இறுக்கம் குற்றத்தில் தள்ளும் என்கிற மெர்ட்டனின் இறுக்கக் கோட்பாடும், குற்றவாளி என்று முத்திரை குத்தினால் ஆள் அப்படியே ஆகிவிடுவான் என்கிற முத்திரை குத்தும் கோட்பாடும் மட்டும் எப்போதும் குழம்பிவிடுகின்றன.

இன்னொரு சிக்கல் அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் போலீஸ் ரோந்தை வைத்து நடந்த சோதனை (1972-73). சில பகுதிகளில் வழக்கமான ரோந்தையே நிறுத்தினார்கள், சிலவற்றில் இரண்டு மூன்று மடங்காக்கினார்கள். குற்றத்திலும் மக்களின் பயத்திலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் குற்றம் குவியும் தெருக்களில் மட்டும் ரோந்தைக் கூட்டினால் பலன் உண்டு என்று பிந்தைய ஆய்வுகள் சொல்கின்றன. இரண்டையும் ஒரே விடையில் எப்படி எடைபோட்டு எழுதுவது? நான் எழுதுவது கதைச்சுருக்கம் மாதிரி இருக்கிறது என்று போன தேர்வில் மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். நியாயம்தான்.

நல்ல மதிப்பெண் வாங்கிய விடைத்தாள் யாரிடமாவது இருந்தால் ஒரு பக்கமாவது காட்டுங்கள். புள்ளியியலுக்கு எங்கே தொடங்குவது என்றும் சொல்லுங்கள். எனக்குக் கணக்கு பத்தாம் வகுப்போடு சரி.