மறுமொழி: பாய்மரக் காலப் போர்க்கப்பல் வகைகள் – ஃபிரிகேட், கார்வெட்டுக்குத் தமிழ்ச் சொல்

ஐயா, குழு நண்பர்களே, வணக்கம்.

ஃபிரிகேட்டுக்கு ‘விரைவுப் போர்க்கப்பல்’ என்று நீங்கள் முன்வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. வேகம் அதன் குணங்களில் ஒன்று, அவ்வளவுதான். அந்தக் காலக் கடற்படைகள் கப்பல்களை வகைபிரித்தது பீரங்கிகள் எங்கே நிற்கின்றன என்பதை வைத்து. இரண்டு மூன்று தளங்களில் அடுக்கடுக்காகப் பீரங்கி நின்றால் அது பெரிய வகை. ஒன்றன்பின் ஒன்றாக வரிசைகட்டி நின்று சுடுவது அதன் வேலை. டேனியர்கள் அதை வரிசைக்கப்பல் என்றே அழைத்தார்கள். மூடிய தளம் ஒன்றில் பீரங்கிகளின் முழு நிரையும் (வரிசையும்), மேலே திறந்த தளத்தில் இன்னும் சிலவும் இருந்தால் ஃபிரிகேட். திறந்த தளத்தில் மட்டும் இருந்தால் கார்வெட்.

டென்மார்க்கின் ‘யூலன்’ கப்பலைப் பாருங்கள். கோபன்ஹேகனில் கட்டி 1860இல் நீரில் இறக்கினார்கள். ஓக் மர உடல், 44 பீரங்கிகள், பாய்களோடு நீராவி எந்திரமும் உண்டு. பாய் விரித்து ஓடும்போது இழுவை குறைய, புரொப்பெல்லரையே (கப்பலை உந்தும் சுழல் விசிறியை) நீரிலிருந்து மேலே தூக்கிவிடுவார்கள். அதற்கு முந்தைய நீராவிப் போர்க்கப்பல்களில் பக்கச் சக்கரங்கள் பீரங்கி நிற்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டன. புரொப்பெல்லர் வந்த பிறகுதான் நிரை குலையாமல் எந்திரத்தைச் சேர்க்க முடிந்தது. நீராவி ஏறிய பின்னும் அந்தக் கப்பல் ஃபிரிகேட்டாகவே இருந்தது என்றால், காரணம் இந்த நிரைதான்.

1864 மே 9 அன்று, டென்மார்க்குக்கு எதிராக ஆஸ்திரியாவும் பிரஷ்யாவும் நடத்திய போரில், வட கடலின் ஹெலிகோலாந்து தீவருகே நடந்த சண்டையிலும் இந்த வேறுபாடு தெரிகிறது. சுவென்சன் தலைமையில் வந்த டேனியக் கப்பல்கள் மூன்று. நீல்ஸ் யூல், யூலன் இரண்டும் ஃபிரிகேட், ஹைம்டல் கார்வெட். எதிரே ஆஸ்திரியத் தளபதி டெகெத்தாஃபின் இரண்டு ஃபிரிகேட்டுகள், கூடவே பிரஷ்யாவின் சிறு கப்பல்கள். அந்த ஆஸ்திரிய ஃபிரிகேட்டுகளில் ஒன்றான ஷ்வார்ட்சென்பெர்க் தீப்பிடித்ததும் ஆஸ்திரியர்கள் நடுநிலைக் கடற்பகுதிக்கு ஒதுங்கினார்கள். இந்தச் சண்டையை எழுதும்போது மூன்று டேனியக் கப்பல்களையும் ‘போர்க்கப்பல்’ என்று பொதுவாகச் சொன்னால், ஹைம்டலின் பலம் எவ்வளவு குறைவு என்பது வாசகருக்குப் புரியாது.

எனவே என் பரிந்துரை: ஃபிரிகேட்டுக்கு ‘உள்நிரைக்கலம்’, கார்வெட்டுக்கு ‘வெளிநிரைக்கலம்’. நிரை, கலம் இரண்டும் நம்மிடம் பழகிய சொற்கள், விளக்கம் அதிகம் தேவைப்படாது. பெரிய வகைக்கு ‘அணிக்கலம்’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். பொருள் சரி. ஆனால் வாய்விட்டுச் சொன்னால் நகை நினைவுக்கு வந்துவிடும். அணிகலனுக்கு மிக நெருக்கம். அதற்குப் ‘போரணிக் கப்பல்’ என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய வகையிலும் உள்ளே நிரைகள் உண்டே என்று கேட்கலாம். உண்டு, ஆனால் அதன் அடையாளம் போரணியில் அதற்கு இருந்த இடம். அதனால் குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

இன்றைய ஏவுகணைக் கப்பல்களுக்கு இந்தச் சொற்கள் வேண்டாம். அவற்றில் நிரையும் இல்லை, மூடிய பீரங்கித் தளமும் இல்லை. செய்தித்தாள்களில் வருகிறபடி ஃபிரிகேட் என்றே இருக்கட்டும்.

‘வெளிநிரைக்கலம்’ நமக்கு நேரடியாகப் பயன்படும் இடமும் ஒன்று உண்டு. தரங்கம்பாடியை டென்மார்க் ஆங்கிலேயருக்கு விற்ற 1845ஆம் ஆண்டில், டேனியக் கடற்படை அதிகாரி ஸ்டீன் பில்லெ உலகப் பயணத்தின்போது அங்கே கொண்டுவந்த கலாத்தியா ஒரு கார்வெட். தமிழக வரலாற்றுக் கட்டுரைகளில் அது வெறும் ‘கப்பல்’ என்று வருவது எனக்கு உறுத்துகிறது. போர்க்கப்பல் ஒன்றை அறிவியலாளர்களோடு அனுப்பினார்கள் என்பதே அதில் மறைந்துபோகிறது.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். அடுத்து ‘பிரிக்’ என்ற கப்பல் வகையை எடுக்கலாம். அது இரண்டு பாய்மரங்களை வைத்து வந்த வகை என்பதால் நிரைக் கணக்கு அங்கே செல்லாது, வேறு வழிதான் பார்க்க வேண்டும்.